பாம்புச் சுருளும் கொம்புத் தகடும்

கல்கத்தாவின் கதை – 17

1845 பிப்ரவரி 22. மொரீஷியஸ் தீவுப் பக்கம் போய்க்கொண்டிருந்த ‘சார்ல்ஸ் ஹெடில்’ என்ற இரட்டைப் பாய்மரக் கப்பல் புயலில் மாட்டிக்கொண்டது. எதிர்த்து நிற்க வழியில்லை. பாய்களைச் சுருட்டிக் கட்டிவிட்டு, காற்று தள்ளுகிற பக்கமே ஓடுவது என்று கேப்டன் முடிவெடுத்தார். ஐந்து நாள் ஓடினார்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது, கப்பல் எந்தப் பக்கம் என்ன வேகத்தில் போகிறது என்பதை மட்டும் விடாமல் குறிப்பேட்டில் எழுதி வந்தார்கள். 27ஆம் தேதி காற்று விட்டது. கணக்குப் பார்த்தபோது கப்பல் ஓடிய தூரம் சுமார் 1,300 மைல். ஓட ஆரம்பித்த இடத்துக்கும் வந்து நின்ற இடத்துக்கும் இடையே நேர்க்கோட்டில் இருந்ததோ சுமார் 350 மைல்தான்.

அந்தக் குறிப்பேட்டின் எண்களைக் கல்கத்தாவில் ஒருவர் கடல் வரைபடத்தில் புள்ளி புள்ளியாக வைத்து இணைத்துப் பார்த்தார். நேர்க்கோடு வரவில்லை, வளைகோடும் வரவில்லை. சுருள் சுருளாக ஐந்து சுற்று வந்தது. புயலின் நடுவை ஐந்து முறை வலம் வந்தபடியே அந்தப் புயலோடு சேர்ந்து நகர்ந்திருக்கிறது கப்பல். கப்பலில் இருந்தவர்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

கோடு போட்டவர் பெயர் ஹென்றி பிடிங்டன். உலகம் முழுவதும் இன்று வானிலை அறிக்கைகளில் அடிபடும் ‘சைக்ளோன்’ என்ற சொல் இவர் செய்தது. லண்டனில் பிறந்த சொல் என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஹூக்ளிக் கரையில் பிறந்தது அது.

பிடிங்டன் 1797இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் பிறந்தவர். வணிகக் கப்பலில் வேலை பார்த்து கேப்டன் ஆகி, கிழக்குக் கடல்களில் அலைந்துவிட்டு, 1820களில் கல்கத்தாவில் குடியேறினார். அந்தக் காலத்துக் கல்கத்தா வெள்ளையர்களில் ஒரே வேலையோடு இருந்தவர் குறைவு. இவருக்கும் தொழில் ஒன்றல்ல. 1832இல் இந்தியத் தாவரங்களின் பெயர்களுக்கு ஓர் அகராதி போட்டார். விவசாயத் தோட்டக்கலைச் சங்கத்தில் வேலை பார்த்தார். மண்ணையும் கனிமங்களையும் சோதித்தார், பொருளியல் புவியியல் அருங்காட்சியகத்தின் காப்பாளர் ஆனார். பிற்பாடு கப்பல் விபத்துகளை விசாரிக்கும் கடல்சார் விசாரணை மன்றத்தின் தலைவர். இத்தனைக்கும் நடுவில் அவரை உலுக்கிப் போட்டது ஒரு புத்தகம்: 1838இல் வில்லியம் ரீட் என்ற ராணுவப் பொறியாளர் எழுதிய புயல் விதி பற்றிய நூல்.

அன்றைக்குப் புயல் பற்றி அமெரிக்காவில் ஒரு பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. 1821 செப்டம்பரில் கனெக்டிகட் பகுதியில் அடித்த புயலுக்குப் பிறகு வில்லியம் ரெட்ஃபீல்ட் என்பவர் ஊர் ஊராகப் போய், விழுந்து கிடந்த மரங்களைப் பார்த்தார். ஓரிடத்தில் மரங்கள் எந்தப் பக்கம் தலைசாய்ந்து கிடந்தனவோ, கொஞ்ச தூரம் தள்ளி அதற்கு நேர் எதிர்ப்பக்கம் சாய்ந்து கிடந்தன. ஆகவே புயல் என்பது ராட்சதச் சுழல் என்றார். அதெல்லாம் இல்லை, நாலாபக்கமிருந்தும் காற்று நடுவை நோக்கி நேராகப் பாய்கிறது என்றார் ஜேம்ஸ் எஸ்பி. ‘வட்டம்’ கட்சிக்கும் ‘உள்நோக்கு’ கட்சிக்கும் பல ஆண்டு மல்லுக்கட்டு. 1831இல் பார்படோஸ் தீவைப் புரட்டிப் போட்ட புயலுக்குப் பின் மறுகட்டுமானப் பணிக்குப் போன ரீட், ஏராளமான கப்பல் குறிப்பேடுகளைத் திரட்டி வட்டக் கட்சிக்கு வலுச்சேர்த்தார்.

ரீட் சொன்னதை வங்காள விரிகுடாவில் சோதித்துப் பார்க்கலாமே என்று பிடிங்டனுக்குத் தோன்றியது. அதற்கு அவர் இருந்த ஊரைவிடத் தோதான இடம் உலகிலேயே குறைவு. சீனா, மலாக்கா, ரங்கூன், சென்னை, கொழும்பு, மொரீஷியஸ் என்று எங்கிருந்து வரும் கப்பலும் கல்கத்தாவைத் தொடும். ஆற்றுமுகத்தில் கப்பல்களுக்கு வழிகாட்டும் பைலட்டுகள் வேளாவேளைக்குக் காற்றையும் பாரமானியையும் குறித்து வைப்பார்கள். 1839 ஜூனில் விரிகுடாவில் ஒரு புயல். அதற்கான குறிப்பேடுகளைக் கேட்டு வாங்கி, ஏசியாட்டிக் சொசைட்டியின் இதழில் முதல் கட்டுரையை எழுதினார். தொடர்ந்து பதினைந்து ஆண்டுக்கும் மேலாக, புயல் புயலாக எழுதித் தள்ளினார். 1841 மே மாதம் சென்னையை அடித்த புயலும், 1842 அக்டோபரில் சென்னையில் கரையேறி அரபிக்கடல் வரை போன புயலும் அந்த வரிசையில் உண்டு.

வேலை எப்படி நடந்தது என்பதைப் பார்க்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட நாள் நண்பகலில் ஒரு கப்பல் எங்கே நின்றது, அங்கே காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது என்று வரைபடத்தில் குறிப்பார். அந்தக் காற்றுக்குச் செங்குத்தாக ஒரு கோடு. அதே நேரத்தில் வேறிடத்தில் இருந்த இன்னொரு கப்பலுக்கும் அப்படியே ஒரு கோடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம் புயலின் நடு. மறுநாள் நண்பகலுக்கும் இதே கணக்கைப் போட்டால் நடு எவ்வளவு நகர்ந்தது, எத்திசையில் போனது என்பது வந்துவிடும். கேட்கச் சுலபம். ஆனால் மாலுமியின் கடிகாரம் பிசகியிருக்கும், தீர்க்கரேகைக் கணக்கு தப்பியிருக்கும், புயல் உச்சத்தில் எழுதுகிறவன் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்திருப்பான். முழுகிப்போன கப்பலின் குறிப்பேடு வரவே வராது. இத்தனை ஓட்டைகளோடுதான் அவர் படம் போட்டார்.

சென்னைக் கப்பல்காரர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. அப்போது சென்னையில் துறைமுகம் கிடையாது. கரைக்கு எதிரே திறந்த கடலில்தான் நங்கூரம். புயல் அறிகுறி தெரிந்தால் கயிற்றை வெட்டிவிட்டு நடுக்கடலுக்கு ஓடவேண்டும். எந்தப் பக்கம் ஓடுவது என்பதுதான் கேள்வி. தப்பான பக்கம் திரும்பினால் புயலின் வாய்க்குள்ளேயே போய் விழலாம்.

இவர்களுக்காக பிடிங்டன் 1844இல் ஒரு சிறு கையேடு போட்டார். 1848இல் அதை விரித்து, ‘மாலுமிகளுக்கான ஹார்ன்-புக்’ என்று பெயரிட்டு லண்டனில் வெளியிட்டார். ஹார்ன்-புக் என்பது ஆங்கிலேயக் குழந்தைகள் எழுத்துப் படித்த அரிச்சுவடி. பலகையில் எழுத்துத் தாளை ஒட்டி, அழுக்குப் படாமலிருக்க மேலே மாட்டுக்கொம்பைச் சீவிய மெல்லிய தகட்டை அடித்திருப்பார்கள். பிடிங்டனின் புத்தகத்தில் நிஜமாகவே கொம்பு இருந்தது. புத்தகத்தோடு இரண்டு தகடுகள், ஒளி ஊடுருவும் கொம்பில் செய்தவை. ஒன்று வட அரைக்கோளத்துக்கு, மற்றொன்று தென் அரைக்கோளத்துக்கு. தகட்டில் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள், வட்டத்தின் மேல் ஒவ்வோர் இடத்திலும் அங்கே காற்று எத்திசையிலிருந்து வீசும் என்ற குறி. வட அரைக்கோளத் தகட்டில் காற்று இடஞ்சுழியாக, தென் அரைக்கோளத்தில் வலஞ்சுழியாக.

கேப்டன் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கடல் வரைபடத்தை விரித்துத் தன் கப்பல் இருக்கும் புள்ளியைப் பார்க்கவேண்டும். இப்போது காற்று வடகிழக்கிலிருந்து வீசுகிறது என்றால், தகட்டில் வடகிழக்கு என்று குறித்த இடம் அந்தப் புள்ளியின் மேல் வரும்படி தகட்டை வைக்கவேண்டும். கொம்புக்கு அடியில் கடலும் தீவும் கரையும் தெரியும். வட்டத்தின் நடுப்புள்ளி எங்கே விழுகிறதோ அங்கே புயலின் நடு இருக்கிறது. ஈரமானாலும் கெடாது, உப்புத்தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த எந்த மாலுமியும் பயன்படுத்தலாம். நூல் பல பதிப்பு கண்டது.

சொல்லும் இந்தப் புத்தகத்தில்தான் வருகிறது. ஆங்கிலத்தில் காற்றுக்கு ஏகப்பட்ட பெயர்கள் இருந்தன. கேல், ஸ்டார்ம், ஹரிக்கேன், டைஃபூன், டொர்னாடோ. அவற்றில் சில வேகத்தைச் சொல்வன, சில இடத்தைச் சொல்வன, நேராக வீசும் காற்றையும் சுழலும் காற்றையும் ஒரே பெயரால் சொல்வனவும் உண்டு. சுழன்று வீசும் காற்று எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு பெயர் வேண்டும் என்று பிடிங்டன் கிரேக்கத்தில் தேடினார். ‘கிக்லோமா’ என்று ஒரு சொல். சக்கரம் என்றும் பொருள், பாம்பின் சுருள் என்றும் பொருள். அதை வைத்து ‘சைக்ளோன்’ என்றார். இலக்கணம் பார்க்கிறவர்கள் பிற்பாடு முகம் சுளித்தார்கள், சொல் சரியாகப் பிறக்கவில்லை என்று. அது கிடக்கட்டும். பிடிங்டன் சொன்ன காரணம் கூர்மையானது. ‘வட்டம்’ என்று பெயர் வைத்தால் அது கச்சிதமான வட்டம் என்று உறுதி சொன்னதாகிவிடும். பாம்புச் சுருள் என்றால் சுற்றி வருகிறது என்பதை மட்டும் சொல்கிறது, முழு வட்டம் என்று சாதிக்கவில்லை. பெயர் வைக்கும்போது இவ்வளவு எச்சரிக்கையாக இருந்த மனிதர், தகட்டில் கோடு போடும்போது வட்டங்களைத்தான் போட்டார்.

விளைவு தெரியப் பல ஆண்டுகள் ஆயின.

மொரீஷியஸில் வானிலை பார்த்துக்கொண்டிருந்த சார்ல்ஸ் மெல்ட்ரம் தென் இந்தியப் பெருங்கடல் புயல்களை ஆராய்ந்தார். காற்று வட்டத்தின் ஓரத்தைத் தொட்டபடி சுற்றிவரவில்லை, சாய்ந்து உள்ளே நுழைகிறது என்று கண்டார். அந்தக் கடலில் வழக்கமாகவே தென்கிழக்குக் காற்று வீசும். அந்தக் காற்று பலத்து, பாரமானியும் இறங்குகிறது என்றால், வட்டத் தகட்டின்படி புயலின் நடு கப்பலுக்கு வடகிழக்கில் இருக்கவேண்டும். சரி, புயலுக்கு முன்னால் குறுக்கே ஓடித் தப்பிவிடலாம் என்று கேப்டன் காற்றை முதுகில் வாங்கி வடமேற்கே விரட்டுவார். உண்மையில் நடு வடகிழக்கில் இல்லை, ஏறக்குறைய நேர் வடக்கில் இருக்கும். கப்பல் தானாகவே நடுவுக்குள் போய்ச் சேரும். 1873இல் மெல்ட்ரம் பழைய விதியைத் திருத்தச் சொல்லி எழுதினார். வங்காள விரிகுடாவிலும் காற்று உட்சாய்ந்துதான் வீசுகிறது என்பதைக் கல்கத்தாவிலிருந்த வானிலையாளர் பிளான்ஃபோர்டும் அவருக்குப் பின் எலியட்டும் காட்டினார்கள்.

ரெட்ஃபீல்டும் எஸ்பியும் ஆளுக்குப் பாதி சொல்லியிருக்கிறார்கள். அழுத்தம் குறைந்த நடுவை நோக்கிக் காற்று பாய்கிறது. பூமி சுழல்வதால் வட அரைக்கோளத்தில் வலப்பக்கமாக விலகி, நடுவைச் சுற்றத் தொடங்குகிறது. கடற்பரப்பின் உராய்வு அதன் வேகத்தைக் குறைப்பதால் முழுக்கச் சுற்றவும் முடியாமல் உள்ளே சாய்கிறது. வட்டமும் உள்நோக்கும் சேர்ந்தால் சுருள். சொல்லில் இருந்தது தகட்டில் இல்லை, அவ்வளவுதான்.

பிடிங்டனைக் குறைசொல்ல மனம் வராததற்கு இன்னொரு காரணம் உண்டு. புயலில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் காற்றல்ல, கடல் என்பதை அவர் அழுத்திச் சொன்னார். ஆந்திரக் கரையில் காக்கிநாடாவுக்குப் பக்கத்திலுள்ள கொரிங்காவில் 1789 டிசம்பரில் மூன்று பேரலைகள் அடுத்தடுத்து வந்து ஊரை வழித்துக்கொண்டு போனதை அவர் தம் நூலில் எடுத்தாண்டார். அதே கொரிங்காவை 1839 நவம்பரில் மறுபடியும் கடல் விழுங்கியது. அதில் மூன்று லட்சம் பேர் இறந்ததாக இன்றும் எழுதுகிறார்கள். சென்ற பகுதியில் பார்த்த 1737 கல்கத்தாப் புயலுக்கும் இதே மூன்று லட்சம்தான் சொல்கிறார்கள். இரண்டையும் அப்படியே நம்பவேண்டியதில்லை. ஆனால் கடல் உள்ளே வந்தது பொய்யல்ல.

1850களின் தொடக்கத்தில் கல்கத்தா வியாபாரிகளுக்கு ஒரு பயம் பிடித்தது. ஹூக்ளி தூர்ந்துகொண்டே வருகிறது, பெரிய கப்பல்கள் வரமுடியாமல் போகும், வேறு துறைமுகம் தேடவேண்டும். சுந்தரவனக் காட்டோரம் மாத்லா ஆற்றின் கரையைத் தேர்ந்தார்கள். ஆழமான ஆறு. மாத்லா என்றால் வங்காளத்தில் வெறிபிடித்தது என்று பொருள். ஊர்க்காரர்கள் காரணமில்லாமலா அப்படிப் பெயர் வைத்தார்கள் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. பிடிங்டன் 1853இல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசிக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்றை அச்சிட்டார். விரிகுடாப் புயலோடு கடலும் எழும், சுந்தரவனம் அதற்குத் திறந்து கிடக்கிறது, என்றாவது ஒருநாள் உப்புத்தண்ணீர் மலைபோல் உருண்டு வந்து மொத்தக் குடியிருப்பையும் 5 அடியிலிருந்து 15 அடி வரை மூழ்கடிக்கும் என்பது அதன் சாரம்.

யாரும் கேட்கவில்லை. வேலை நடந்தது. வைஸ்ராயின் பெயரில் போர்ட் கானிங் என்று ஊர் எழும்பியது. கல்கத்தாவிலிருந்து ரயில் போட்டார்கள். பங்குகள் விற்றன. பிடிங்டன் 1858இல் கல்கத்தாவில் இறந்துபோனார்.

1864 அக்டோபர் 5. துர்கா பூஜை நெருங்கிய நேரம். ஹூக்ளி வழியே கடல் ஏறியது. கல்கத்தா துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் நங்கூரம் அறுந்து ஒன்றன்மேல் ஒன்றாக மோதிக் கரையேறிக் கிடந்தன. கரையோர மாவட்டங்களில் இறந்தவர்கள் சுமார் 60,000 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. வங்காளிகள் இதை ‘ஆஷ்வினேர் ஜோட்’, அதாவது ஐப்பசிக்கு முந்தைய ஆஷ்வின் மாதப் புயல் என்று நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மறு ஆண்டே கல்கத்தா துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை முறை வந்தது. இந்தியாவிலேயே முதலாவது அது. இந்தப் புயல் பற்றி லெப்டினன்ட் கர்னல் காஸ்ட்ரெலும் பிளான்ஃபோர்டும் எழுதிய அறிக்கையின் தலைப்பிலேயே ‘சைக்ளோன்’ இருக்கிறது. பிறந்து இருபது ஆண்டுக்குள் சர்க்கார் காகிதத்தில் ஏறிவிட்டது சொல்.

கானிங்கின் முறை 1867 நவம்பர் 1ஆம் தேதி வந்தது. அன்று ஏறிய கடல் ஆறடி உயரம்தான். பிடிங்டன் சொன்ன அளவில் அது கீழ்க்கோடு. ஆனாலும் படகுத்துறையும் கட்டடங்களும் போயின. சில ஆண்டுகளில் துறைமுகத்தையே கைவிட்டார்கள். இன்று கானிங் என்றால் கொல்கத்தாவின் சியால்தா நிலையத்திலிருந்து போகும் புறநகர் ரயிலின் கடைசி நிறுத்தம், சுந்தரவனத்துக்குப் படகேறப் போகிறவர்கள் இறங்கும் இடம். அமிதாவ் கோஷ் 2004இல் எழுதிய ‘தி ஹங்க்ரி டைட்’ நாவலில் பிடிங்டனும் அவர் எச்சரிக்கையும் வருகிறார்கள். அந்த நாவலைப் படித்துத்தான் இவர் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் ஏராளம்.

சொல் மட்டும் எங்கெங்கோ போய்விட்டது. 1863இல் ஃபிரான்சிஸ் கால்டன் அதற்கு எதிர்ச்சொல் செய்து, உயரழுத்தச் சுழலுக்கு ‘ஆன்டி-சைக்ளோன்’ என்றார். அமெரிக்க மேற்கில் டொர்னாடோவையே சைக்ளோன் என்றார்கள். 1900இல் ஃபிராங்க் பாம் எழுதிய ‘ஓஸ்’ கதையில் டோரதியின் வீட்டைத் தூக்கிக்கொண்டு போவது டொர்னாடோதான், அத்தியாயத்தின் பெயரோ சைக்ளோன். நம்மூர் ரைஸ்மில்லிலும் சிமென்ட் ஆலையிலும் தூசியைக் காற்றிலிருந்து பிரிக்க, கூம்பு வடிவத் தகரத் தொட்டியில் காற்றைச் சுழலவிடுவார்கள். அதற்கும் சைக்ளோன் என்றுதான் பெயர். கிரேக்கப் பாம்பு உமியையும் சுற்றுகிறது. தமிழ்ப் பத்திரிகைகள் மட்டும் ‘புயல்’ என்பதை விடவில்லை. குறளில் அந்தச் சொல்லுக்கு மழை என்பது பொருள், உழவன் காத்திருக்கும் பொருள். அது எப்படி நாசத்தின் பெயரானது என்பது தனிக் கதை.

கொம்புத் தகட்டின் இடத்துக்கு 1970களில் இன்னொரு தகடு வந்தது. அமெரிக்க வானிலையாளர் வெர்னன் டிவொராக், செயற்கைக்கோள் படத்தில் தெரியும் மேகப் பட்டையை வைத்தே புயலின் பலத்தைக் கணிக்க ஒரு முறை வகுத்தார். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் தாளில் ஒரு கோடு வரையப்பட்டிருக்கும். அதைப் படத்தின் மேல் வைத்து, மேகப் பட்டை அந்தக் கோட்டோடு பொருந்தும்படி திருப்பி, பட்டை நடுவை எவ்வளவு தூரம் சுற்றியிருக்கிறது என்று அளப்பார்கள். முக்கால் சுற்றா, ஒரு சுற்றா, அதற்கும் மேலா என்பதைப் பொறுத்து பலம். தாளில் இருப்பது வட்டமல்ல. ஒவ்வொரு புள்ளியிலும் வட்டத்திலிருந்து 10 பாகை சாய்ந்து போகும் சுருள். இப்போது தாள் போய்க் கணினித் திரை வந்துவிட்டது, சுருள் அப்படியே இருக்கிறது.

இந்திய வானிலை ஆய்வுத் துறையும் இந்த அளவையைத்தான் முக்கியமாக நம்புகிறது. சுருளை அளந்து வரும் எண் 2.5ஐத் தொட்டால் காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டதாகக் கொள்கிறார்கள். அதுவரை ‘ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்’ என்று இழுத்துக்கொண்டிருந்தது அந்த நிமிடத்திலிருந்து புயல் ஆகிறது. 13 நாடுகள் கொடுத்துவைத்த 169 பெயர்களின் பட்டியலில் அடுத்ததாக இருக்கும் பெயர் அதற்கு வைக்கப்படுகிறது.

1875இல் அந்தத் துறை கல்கத்தாவில் தொடங்கியபோது அதன் தலைவராக வந்தவர் இதே பிளான்ஃபோர்ட். 1864 புயலின் பாரமானிக் குறிப்புகளை ஊர் ஊராகக் கேட்டு அலைந்த அனுபவம் அவரிடம் இருந்தது. அவர் கேட்ட பணமும் சர்க்கார் கொடுத்த பணமும் எவ்வளவு என்பதை அடுத்த பகுதியில் பார்க்கலாம்.

(தொடரும்)